ஒரே தேதியில் பிறந்த இசைக்காரர்கள்: வேலையில் சந்தித்துக்கொண்டவர்கள் மட்டும்

பழைய_கேசட்

"இன்று பிறந்தநாள் காணும் இசைக்கலைஞர்கள்" என்று தினமும் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஜனவரி 8 வந்தால் எல்விஸ் பிரெஸ்லி (1935), ஷெர்லி பேஸி (1937), டேவிட் போவி (1947), ஹாரிஸ் ஜெயராஜ் (1975). சரி, அப்புறம்? நாலு படத்தை ஒட்டி வாழ்த்துச் சொன்னதோடு முடிந்தது.

எனக்கு இதில் இரண்டு மனத்தாங்கல். முதலாவது, பட்டியலில் வருவதெல்லாம் மைக் முன்னால் நிற்பவர்கள். மிக்ஸிங் போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டை உருவாக்கிய புரொடியூசர் (பதிவை வழிநடத்துபவர்), அரேஞ்சர் (வாத்தியக் கோர்வை அமைப்பவர்) யாருக்கும் வாழ்த்து கிடையாது. இரண்டாவது, தேதி ஒத்துப்போனதைத் தவிர இவர்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதனால் இந்த இழைக்கு ஒரு விதி வைக்கிறேன். பிறந்த தேதி ஒன்றாக இருக்கவேண்டும், வருடம் எதுவானாலும் சரி. இரண்டு பேரும் வேலையில் சந்தித்திருக்கவேண்டும். சேர்ந்து பாடியிருக்கலாம், ஒருவர் பாட்டை மற்றவர் பாடியிருக்கலாம், ஒரே இசைத்தட்டில் இருவர் கையும் பட்டிருக்கலாம். ஏதோ ஒன்று.

முதல் வரவு நானே வைக்கிறேன். ஜூன் 7. டாம் ஜோன்ஸ் 1940, பிரின்ஸ் 1958. பிரின்ஸின் 'கிஸ்' 1986-இல் வந்தது. 1988-இல் ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழு பின்னணி அமைக்க, டாம் ஜோன்ஸ் அதே பாட்டைப் பாடினார். பிரிட்டன் தரவரிசையில் பிரின்ஸ் ஆறாம் இடம், டாம் ஜோன்ஸ் ஐந்தாம் இடம்! அமெரிக்காவில் மூலப்பாட்டு முதலிடம் போனது, அங்கே போட்டியே இல்லை. அந்த எலும்புக்கூடு மாதிரியான பதிவை, பித்தளை வாத்தியம் முழங்கப் பழகிய ஒரு குரல் தூக்கிக்கொண்டு போனதுதான் எனக்கு ஆச்சரியம்.

சும்மா_வந்தவன்

எல்விஸும் போவியும் ரெண்டு பேருமே ஆர்.சி.ஏ. கம்பெனி. ஒரே முதலாளி. கணக்கில் வருமா தலைவரே?

பழைய_கேசட்

வராது. ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்கினால் அது சந்திப்பு ஆகாது.

பேஸ்_ரசிகை

சூப்பரான விதி. என் பங்குக்கு மார்ச் 10. ரிக் ரூபின் 1963, டிம்பலேண்ட் 1972. ரெண்டு பேருமே புரொடியூசர், அதனால உங்க முதல் மனத்தாங்கலும் தீரும்.

ராப் பாடகர் ஜே-ஸியோட 'பிளாக் ஆல்பம்', 2003. அதில் '99 பிராப்ளம்ஸ்' ரூபின் செஞ்சது. 'டர்ட் ஆஃப் யுவர் ஷோல்டர்' டிம்பலேண்ட் செஞ்சது. ஒரே தட்டு, ஒரே பாடகர். ஆனா கேட்டுப் பாருங்க, ரெண்டும் ரெண்டு துருவம். ரூபின் கிடாரையும் ட்ரம்ஸையும் உரிச்சு வச்ச மாதிரி வெறுமையா விடுவார், குரலுக்குப் பக்கத்தில் ஒண்ணுமே இருக்காது. டிம்பலேண்ட் கிட்ட தாளம் எப்பவும் ஒரு இடத்தில் தடுக்கி, இன்னொரு இடத்தில் எழுந்து ஓடும். வாயால போடற சத்தத்தைக்கூட தாள வாத்தியமா மாத்திடுவார்.

இன்னொண்ணும் இருக்கு. 2006-இல் ஜஸ்டின் டிம்பர்லேக்கோட ஆல்பம் முக்கால்வாசி டிம்பலேண்ட் கைவண்ணம். அதில் கடைசிப் பாட்டு மட்டும் ரூபின். ஒரே ஜோடி, ரெண்டு தட்டு.

நள்ளிரவு_வானொலி

இந்த இழைக்கு ஜூன் 24-ஐ விட்டு வேறு எந்தத் தேதியில் ஐயா தொடங்குவது? கவிஞர் கண்ணதாசன் 1927 ஜூன் 24. மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன் 1928 ஜூன் 24. சரியாக ஒரு வருட இடைவெளி.

எத்தனை பாட்டு என்று நான் எண்ணப்போவதில்லை. ஆனால் எப்படி வேலை செய்தார்கள் என்பதுதான் விஷயம். மெட்டு முதலில் வந்தாலும் கண்ணதாசனிடம் வார்த்தை மெட்டுக்குள் நெளிந்து உட்காராது, பேசுவது போலவே வரும். எழுத்து முதலில் வந்தால் விஸ்வநாதன் பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே சுரமாக்கிவிடுவார். ஒரே பல்லவிக்குப் பத்து மெட்டு போட்டுக் காட்டக்கூடியவர், ஒரே மெட்டுக்குப் பத்துப் பல்லவி சொல்லக்கூடியவரோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காலத்துப் பாடல்களே சாட்சி.

கண்ணதாசன் சொந்தமாகப் படமும் எடுத்தார். 1958-இல் வந்த 'மாலையிட்ட மங்கை' அவருடைய தயாரிப்பு. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. ஆக பாட்டெழுதியவரே முதலாளி, மெட்டமைத்தவர் அவரோடு பிறந்தநாளைப் பங்குபோடுபவர். பழைய_கேசட் அவர்களின் விதிக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது.

பேஸ்_ரசிகை

அதே ஜூன் 24-இல் ஜெஃப் பெக் (1944), மிக் ஃபிளீட்வுட் (1947). எம்.எஸ்.வி.யோட சேர்த்து நினைச்சுப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு :)

கணக்கன்

உற்சாகத்தைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். ஒரு அறையில் 23 பேர் இருந்தால், அதில் எவரேனும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்க 50.7 சதவீத வாய்ப்பு. இது பழைய கணக்கு, எல்லோருக்கும் தெரியும். புகழ்பெற்ற இசைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எந்தத் தேதியைத் தொட்டாலும் பத்துப் பேர் விழுவார்கள். அதில் வியக்க எதுவும் இல்லை என்று பழைய_கேசட்டே சொல்லிவிட்டார்.

ஆனால் அவருடைய "ஒரே இசைத்தட்டு" விதியும் தப்பிக்காது. ஒரு ஆல்பத்தில் பாடியவர், எழுதியவர், வாசித்தவர், ஒலிப்பதிவு செய்தவர் என்று 40 பெயர் இருந்தால், அதில் ஒரு ஜோடியாவது அமைய 89 சதவீத வாய்ப்பு. 50 பெயர் என்றால் 97. இப்போதைய ராப் ஆல்பம் ஒன்றின் பெயர்ப் பட்டியலை எண்ணிப் பாருங்கள், அறுபது எழுபதைத் தாண்டும். ஜோடி அமையாமல் இருந்தால்தான் செய்தி.

பழைய_கேசட்

சபாஷ். இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்படியானால் விதியை இறுக்குவோம். அந்த வேலையில் இருவருமே தவிர்க்கமுடியாதவர்களாக இருக்கவேண்டும். ஓரத்தில் தம்பூரின் தட்டியவர் செல்லாது.

கணக்கன், நீங்களே சொல்லுங்கள். இருவர் மட்டுமே மையமான ஒரு வேலையில், இருவருக்கும் ஒரே தேதி அமைய என்ன வாய்ப்பு?

கணக்கன்

365-இல் ஒன்று. கண்ணதாசன்–விஸ்வநாதன் அந்த வகை, அதை ஏற்கிறேன். ஆனால் உலகில் எத்தனை இசையமைப்பாளர்–பாடலாசிரியர் ஜோடிகள்? சில ஆயிரம் இருந்தால் பத்துப் பதினைந்து இப்படி அமையத்தான் செய்யும். அதில் ஒன்று நமக்குப் பிடித்த ஜோடியாக இருந்துவிட்டது, அவ்வளவுதான்.

நள்ளிரவு_வானொலி

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டீர்களே ஐயா. அந்தப் பத்துப் பதினைந்தில் மற்ற பதினான்கும் எங்கே? கொண்டு வாருங்கள், கேட்போம்.

பேஸ்_ரசிகை

இந்தாங்க ஒண்ணு. அக்டோபர் 16. அமெரிக்க ராக் குழு கிரேட்ஃபுல் டெட்டோட பாப் வியர் 1947, ஜான் மேயர் 1977. முப்பது வருஷ இடைவெளி, ஒரு நாள் கூட பிசகல. 2015-இல் 'டெட் அண்ட் கம்பெனி' ஆரம்பிச்சபோது ரெண்டு பேரும் ஒரே மேடை. ஒரு ராத்திரி விருந்தாளியா வந்து போனது இல்ல, வருஷக்கணக்கா சுற்றுப்பயணம் போனாங்க. வியர் எப்பவும் ரிதம் கிடார். டெட் குழுவோட லீட் கிடார்காரர் ஜெர்ரி கார்சியா நின்ன இடத்தில் மேயர் நின்னு லீட் வாசிச்சார்.

மேயரைப் பிடிக்காத பழைய டெட் ரசிகர்கள் நிறையப் பேர் உண்டு. எனக்கு அவர் அங்கேதான் நல்லா வாசிச்சார்னு தோணும். தனி ஆல்பங்களில் அவர் அவ்வளவு நேரம் மத்தவங்களைக் கேட்கிறதில்ல.

அதே நாள்தான் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஃப்ளீ (1962), அனிருத் (1990). இவங்க சும்மா தகவலுக்கு.

தேதி_ஆய்வாளர்

அன்பர்களே, எல்லாத் தேதிகளையும் கண்ணை மூடி நம்பவேண்டாம். இசை உலகில் பிறந்த தேதி என்பது பல சமயம் அவரவர் சொன்னதுதான்.

லூயி ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் 1900 ஜூலை 4 என்றே வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அமெரிக்க விடுதலை நாள், புதிய நூற்றாண்டு, அழகாகத்தான் இருந்தது. 1971-இல் அவர் இறந்து பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, ஞானஸ்நானப் பதிவேடு கிடைத்தபோது 1901 ஆகஸ்ட் 4 என்று தெரிந்தது. அதனால்தான் இன்று அவர் கிஷோர் குமாரோடு (1929 ஆகஸ்ட் 4) ஒரே நாளில் நிற்கிறார். பதிவேடு கிடைக்காமல் போயிருந்தால் இந்த ஜோடியே கிடையாது.

அமெரிக்கப் புரொடியூசர் ஃபில் ஸ்பெக்டர் டிசம்பர் 26-தான், ஆனால் பழைய புத்தகங்களில் 1940, சரியானது 1939.

இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளும் என்பதால் தன் பிறந்தநாளை ஜூன் 2-இல் கொண்டாடுகிறார். இப்படி மாற்றிக்கொண்டதால் ரோலிங் ஸ்டோன்ஸ் ட்ரம்மர் சார்லி வாட்ஸோடு (1941 ஜூன் 2) சேர்ந்துவிட்டார். ஒரு தேதியைப் பகிரக்கூடாது என்று நகர்ந்தவர் இன்னொரு தேதியைப் பகிரவேண்டியதாயிற்று.

சும்மா_வந்தவன்

ராஜா சாருக்கு சார்லி வாட்ஸ் ட்ரம்ஸ் வாசிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்? தலைப்புக்குச் சம்பந்தமில்லை, தெரியும். கேட்டுட்டேன்.

பேஸ்_ரசிகை

வாட்ஸ் ஜாஸ் ஆள். நோட்டேஷன் கொடுத்து "இங்கே ஃபில் (இடைவெளியை நிரப்பற ட்ரம்ஸ் உருட்டு) வேண்டாம்"னு சொன்னா சந்தோஷமா வாசிச்சிருப்பார். சரி, விஷயத்துக்கு வாங்க.

டிசம்பர் 18. இதில் ஒரு முக்கோணம் இருக்கு. ரோலிங் ஸ்டோன்ஸ் கிடார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் 1943. சாஸ் சாண்ட்லர் 1938, அனிமல்ஸ் குழுவோட பேஸ் கிடார்காரர், அப்புறம் மேனேஜர், புரொடியூசர். 1966-இல் நியூயார்க்கில் கிடார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸைப் பார்க்கச் சொல்லி சாண்ட்லரைக் கூட்டிட்டுப் போனது லிண்டா கீத். அப்போ அவங்க கீத் ரிச்சர்ட்ஸோட காதலி! அதே செப்டம்பரில் சாண்ட்லர் ஹென்ட்ரிக்ஸை லண்டனுக்குக் கூட்டிட்டு வந்தார். 1967-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அவர்தான் புரொடியூசர்.

பாட்டு நீளத்தை நறுக்கணும், டேக் எண்ணிக்கையைக் குறைக்கணும்னு நிக்கிறவர் சாண்ட்லர். ஹென்ட்ரிக்ஸ் திரும்பத் திரும்ப எடுக்கிறவர். மூணாவது ஆல்பத்தின் நடுவில் சாண்ட்லர் விலகிட்டார். அந்த ஆல்பம் அற்புதம்தான், ஆனா முதல் ரெண்டில் இருக்கிற கட்டுமானம் அதில் இல்ல. அந்தக் கட்டுமானம் யாரோடதுன்னு அப்போதான் புரியும். டிசம்பர் 18-னு தேடினா கிறிஸ்டினா அகிலேரா, சியா, பில்லி ஐலிஷ் எல்லாரும் வருவாங்க, சாண்ட்லர் பேரு பாதி இடத்தில் இருக்காது.

பழைய_கேசட்

அழகான கதை. ஆனால் விதிப்படி ரிச்சர்ட்ஸும் சாண்ட்லரும் சேர்ந்து என்ன செய்தார்கள்? நடுவில் ஒரு பெண் இருந்தார் என்பது வேலையில் சந்திப்பு ஆகுமா?

பேஸ்_ரசிகை

லிண்டா இல்லன்னா அந்த ஆல்பமே இல்ல சார். "நடுவில் ஒரு பெண்"னு ஒரு வரியில் தள்ளாதீங்க. சாண்ட்லருக்கு முன்னாடி ரெண்டு பெரிய இடத்துக்கு ஹென்ட்ரிக்ஸைக் கூட்டிட்டுப் போய், அவங்க வேண்டாம்னு சொன்ன பிறகும் விடாம தேடினது அவங்கதான். உண்மையில் புரொடியூசர் வேலையில் பாதி அதுதானே? யாரை யாரோட சேர்க்கணும்னு தெரியறது.

நள்ளிரவு_வானொலி

அம்மா சொல்வது சரி. அந்த ஜோடியைப் பாதி மதிப்பெண்ணோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 14 என்று ஒரு நாள். திரை இசைத் திலகம் கே.வி. மகாதேவன் 1918, குயின்சி ஜோன்ஸ் 1933. இவர்கள் சந்திக்கவில்லை. ஆனால் குயின்சியின் பக்கம் வேறொரு வேடிக்கை இருக்கிறது. ஆகஸ்ட் 29-இல் பிறந்தவர்கள் சார்லி பார்க்கர் (1920), டைனா வாஷிங்டன் (1924), மைக்கேல் ஜாக்சன் (1958). இதில் டைனாவுக்கு 1950-களின் நடுவில் ஆல்பம் முழுக்க வாத்திய அமைப்பு செய்தவர் இளைஞர் குயின்சி. கால் நூற்றாண்டு கழித்து மைக்கேலுக்கு அவர் தயாரித்தது மூன்று ஆல்பங்கள், 1979, 1982, 1987. ஒரே தேதியில் பிறந்த இரண்டு குரல்களுக்குப் பின்னால் ஒரே ஆள்!

டைனாவின் பாட்டில் பித்தளை வாத்தியங்கள் எங்கே நிறுத்துகின்றன என்று கவனித்துவிட்டு, பிறகு மைக்கேலின் பாட்டில் ஹார்ன் எங்கே குத்திவிட்டு நகர்கிறது என்று கேளுங்கள். பாடுபவர் மூச்சு விடும் இடத்தில்தான் இரண்டிலும் வாத்தியம் பேசும்.

கணக்கன்

இதுதான் நான் சொல்வது. விதி நெகிழ்ந்துகொண்டே போகிறது. முதலில் இருவர் சந்திக்கவேண்டும் என்றீர்கள். பிறகு நடுவில் ஒருவர் இருந்தால் போதும் என்றானது. இப்போது மூன்றாம் நபர் இரண்டு பேரிடம் வேலை செய்தால் போதும் என்கிறீர்கள். இப்படியே போனால் எல்லோரையும் எல்லோரோடும் சேர்த்துவிடலாம்.

நான் ஒரு எதிர் உதாரணம் தருகிறேன். 1971 பிப்ரவரி 26. அதே நாள், அதே வருடம். பாப் பாட்டெழுதும் புரொடியூசர் மேக்ஸ் மார்ட்டின், சோல் பாடகி எரிக்கா படூ. 1998-இல் மேக்ஸ் மார்ட்டின் பிரிட்னி ஸ்பியர்ஸின் முதல் வெற்றிப்பாட்டை எழுதி, தயாரிப்பிலும் பங்கெடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் படூவின் முதல் ஆல்பம் வந்தது. ஒருவர் அசை எண்ணி மெட்டில் பொருத்தும் பொறியாளர். மற்றவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடந்து வருபவர். பிறந்த தேதி குணத்தைத் தீர்மானிக்கும் என்று நம்புகிற ராசிபலன்காரர்கள் இந்த இருவரையும் அடுத்தடுத்து கேட்டுவிட்டு வரட்டும்.

சும்மா_வந்தவன்

அதே பிப்ரவரி 26-தான் ஜானி கேஷும் ஃபேட்ஸ் டாமினோவும். ராசிபலன்காரர் தலை சுத்தி விழுந்துட்டார்.

பழைய_கேசட்

கணக்கன் குற்றச்சாட்டு நியாயம். குயின்சி கதை அருமை, ஆனால் கணக்கில் இல்லை. சாண்ட்லர் கதைக்கு அரை மதிப்பெண்.

நெகிழாத உதாரணம் தருகிறேன். மார்ச் 25. அரீதா ஃபிராங்க்ளின் 1942, எல்டன் ஜான் 1947. 1989-இல் 'த்ரூ தி ஸ்டார்ம்' இருவரும் சேர்ந்து பாடியது. பாட்டு சுமார்தான். அந்தக் காலத்துச் சின்தசைசர் பளபளப்பு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இரண்டு பேரும் பியானோ முன்னால் பிறந்தவர்கள் மாதிரி. ஒரு பியானோவை மட்டும் வைத்துப் பாடவிட்டிருந்தால் வேறாக இருந்திருக்கும்.

இன்னொன்று, அக்டோபர் 9. ஜான் லெனன் 1940, மகன் ஷான் 1975. அப்பாவின் 35-ஆவது பிறந்தநாளில் பிறந்த பிள்ளை. ஐந்து வயதில் அப்பாவை இழந்தவர். 2020 அக்டோபர் 9, லெனனின் எண்பதாவது பிறந்தநாள். அன்று புதிய கலவையில் ஒரு தொகுப்பு வெளிவந்தது, அதைத் தயாரித்தவர் ஷான். பாடியவர் அப்பா, தயாரிப்பாளர் மகன், வெளியான தேதி இருவருக்கும் பொது. இதைப் போட்டபோது இழையை இத்தோடு மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

தேதி_ஆய்வாளர்

மூடவேண்டாம். செப்டம்பர் 19 பாக்கி இருக்கிறது. என் கணிப்பில் புரொடியூசர்களுக்கான நாள் அதுதான்.

டேனியல் லன்வா 1951. நைல் ராஜர்ஸ் 1952. பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் 1934. மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் காஸ் எலியட் 1941. லக்கி அலி 1958.

லன்வாவும் ராஜர்ஸும் எதிரெதிர் வேலைக்காரர்கள். ராஜர்ஸின் கிடார் வறண்ட ஒலி, ஒவ்வொரு வெட்டும் தனியாகக் காதில் விழும். போவிக்கு 1983-இலும் மடோனாவுக்கு 1984-இலும் அவர் தயாரித்த ஆல்பங்களில் இதைக் கேட்கலாம். லன்வாவின் பதிவில் எதற்கும் ஓரம் இருக்காது, ஒலி அறைக்குள் கசிந்து பரவும். யூ2-வின் 'ஜோஷுவா ட்ரீ'யை அவரும் பிரையன் ஈனோவும் சேர்ந்து தயாரித்தார்கள். டிலனின் 1997 ஆல்பமும் அவர் கைப்பட்டது.

இந்த இருவரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். பீட்டர் கேப்ரியலின் 'ஸோ', 1986. தயாரிப்பு கேப்ரியலும் லன்வாவும். கடைசிப் பாட்டு 'திஸ் இஸ் தி பிக்சர்', லாரி ஆண்டர்சனோடு சேர்ந்தது. அதில் கிடார் வாசித்தவர் நைல் ராஜர்ஸ். அந்தப் பாட்டு முதலில் வந்த இசைத்தட்டில் கிடையாது, கேசட்டிலும் சி.டி.யிலும் மட்டுமே இருந்தது.

பழைய_கேசட்

இசைத்தட்டில் இல்லாமல் கேசட்டில் இருந்த பாட்டு! என் பெயருக்கு இதைவிட மரியாதை வேண்டாம். முழு மதிப்பெண்.

கணக்கன்

ராஜர்ஸ் ஒரு பாட்டில் கிடார் வாசித்தவர் மட்டுமே. "தவிர்க்கமுடியாதவர்" என்ற விதி என்ன ஆயிற்று?

பழைய_கேசட்

அந்தக் கிடாரை எடுத்துவிட்டுக் கேளுங்கள், பிறகு பேசலாம்.

நள்ளிரவு_வானொலி

மே 15-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். விஸ்வநாதனின் இணை டி.கே. ராமமூர்த்தி 1922, பிரையன் ஈனோ 1948, மைக் ஓல்ட்ஃபீல்ட் 1953, சந்தோஷ் நாராயணன் 1983. விதிக்குள் வராது, தெரியும். ஆனால் ராமமூர்த்தியும் இந்த மாதிரிப் பட்டியல்களில் விடுபடுகிறவர்தான். வயலின் கோர்வைகள் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் பெயர் வரும். பிறந்தநாளிலாவது ஒரு வரி இருக்கட்டும்.

பேஸ்_ரசிகை

இருக்கட்டும் சார், கட்டாயம்.

அரேஞ்சர் வரிசையில் ஜனவரி 3-ஐயும் போடுங்க. பீட்டில்ஸோட புரொடியூசர் ஜார்ஜ் மார்ட்டின் 1926, லெட் ஸெப்பலின் ஜான் பால் ஜோன்ஸ் 1946. ஜோன்ஸ் குழுவுக்கு வர்றதுக்கு முன்னாடி லண்டன் ஸ்டுடியோக்களில் அரேஞ்சர். ரோலிங் ஸ்டோன்ஸோட 1967 பாட்டு ஒண்ணுக்கு ஸ்ட்ரிங்ஸ் எழுதினார், 1992-இல் ஆர்.ஈ.எம். ஆல்பத்துக்கும் எழுதினார். ராக் பாட்டில் வயலினை அழகுக்குத் தூவாம, முதுகெலும்பா வைக்கலாம்னு மார்ட்டின் காட்டினார். அதே பாதையில் ஜோன்ஸ் போனார். இது சந்திப்பு இல்ல, அதனால மதிப்பெண் கேக்கல.

ஆனா ஒரு சந்தேகம். இரட்டைப் பிள்ளைகள் வரலாமா? ஏப்ரல் 23, 1976. தி நேஷனல் குழுவோட ஆரன் டெஸ்னர், பிரைஸ் டெஸ்னர். டெய்லர் ஸ்விஃப்டோட 2020 'ஃபோக்லோர்' ஆல்பத்தில் ஆரன் புரொடியூசர், பிரைஸ் வாத்தியக் கோர்வை. ரெண்டு பேரும் தவிர்க்கமுடியாதவங்க. ஒரே வேலை, ஒரே தேதி.

பழைய_கேசட்

கூடாது. இரட்டையரைச் சேர்த்தால் விளையாட்டே இல்லை. பீ ஜீஸில் ராபின் கிப்பும் மாரிஸ் கிப்பும் 1949 டிசம்பர் 22. அதையும் சேர்க்கவேண்டி வரும்.

ஏப்ரல் 23-இல் எஸ். ஜானகி (1938) இருக்கிறார், ராய் ஆர்பிசன் (1936) இருக்கிறார். அரீதா–எல்டன் பாட்டைத் தயாரித்த நரடா மைக்கேல் வால்டன் (1952) இருக்கிறார். இவர்களுக்குள் ஏதாவது முடிச்சு கண்டுபிடியுங்கள், தருகிறேன்.

கணக்கன்

ஒரு நிமிடம். இத்தனை நேரம் பேசியதில், பிறந்த தேதிக்கும் செய்த இசைக்கும் உண்மையான காரணத் தொடர்பு இருப்பது இரட்டையரிடம் மட்டும்தான். ஒரே நாளில் பிறந்ததால் ஒரே அறையில் வளர்ந்தார்கள், ஒரே கிடாரைப் பிடுங்கி வாசித்தார்கள், ஒரே குழுவில் சேர்ந்தார்கள். மற்றதெல்லாம் தற்செயல். தற்செயலை எல்லாம் உள்ளே விட்டுவிட்டு, தற்செயல் அல்லாத ஒன்றை வெளியே தள்ளுகிறீர்கள்.

பழைய_கேசட்

ஆமாம், தள்ளுகிறேன். காரணம் இருந்தால் அதைப் பேச வேறு இழை இருக்கிறது. இங்கே தற்செயலுக்குத்தான் இடம்.

சும்மா_வந்தவன்

அப்போ அண்ணன் பாரி கிப்?

பேஸ்_ரசிகை

செப்டம்பர் 1. அவருக்கு எப்பவும் தனி கேக்.